ஒரு பேர்: மலைநாட்டுப் பயணத்தில் கற்ற சொற்கள்

இலங்கையில் வசந்தகாலம் என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. நமக்குத் தெரிந்தவை வெயிலும் மழையும், அவற்றைக் கொண்டுவரும் இரண்டு பருவக்காற்றுகளுந்தான். ஆனாலும் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவுக்கு மட்டும் வசந்தகாலம் வந்துவிடுகிறது. மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவியில் படகோட்டம் என்று அந்த நகரம் ஒரு மாதம் முழுக்கக் களைகட்டி நிற்கும். இந்த வசந்தம் கப்பலில் வந்தது. கொழும்பின் சித்திரை வெக்கையைத் தாங்க முடியாத ஆங்கிலேய உத்தியோகத்தர்களும் தோட்டத் துரைமாரும் தங்கள் நாட்டுக் குளிரைத் தேடி மலையேறினார்கள். அவர்கள் போன பின்பும் அந்த வழக்கம் இங்கேயே தங்கிவிட்டது.

கடந்த சித்திரை விடுமுறையில் நாங்களும் அந்த வசந்தத்தைப் பார்க்கப் போனோம். லண்டனில் வசிக்கும் சாச்சாவின் குடும்பம் பாடசாலை விடுமுறைக்கு வந்திருந்தது. சாச்சாவின் மகளோடு படிக்கும் பிள்ளைகள் சிலர் அதே விடுமுறையில் பாரிஸ், ரோம் என்று ஐரோப்பாவைச் சுற்றப் புறப்பட்டிருந்தார்களாம். அவளோ “சின்ன இங்கிலாந்தை”ப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வாப்பா, உம்மா, நானா, சாச்சா, சாச்சி, அவர்களது மகள், நான் ஆகியோரோடு, மேலதிக வகுப்பில் என்னோடு தமிழ் படிக்கும் தோழி ஒருத்தியும் வந்தாள். உயர்தரம் படிப்பதற்காகக் கொழும்பில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் அவளுடைய சொந்த இடம் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. அவளுடைய அம்மா அங்கே கொழுந்து பறிக்கிறார்.

இக்கட்டுரையில் பார்த்த காட்சிகளை வரிசையாக அடுக்க நான் முற்படவில்லை. அந்த நான்கு நாட்களில் நான் கேட்ட சொற்கள் சிலவற்றையும், அவை எனக்குச் சொல்லித்தந்த வரலாற்றையுமே சக மாணவியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இப்னு பதூதாவின் எலுமிச்சம்பழம்

பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று அல்குர்ஆன் பல இடங்களில் மனிதரை அழைக்கிறது. போவதோடு நில்லாமல் பார்க்கவும் சிந்திக்கவும் சொல்கிறது. அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் மொரோக்கோவின் தஞ்சியர் நகரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா. 1325இல் ஹஜ் கடமைக்காக வீட்டை விட்டுப் புறப்பட்டவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகைச் சுற்றினார். 1344இல் இலங்கைக்கு வந்து, நாம் பாவா ஆதம் மலை என்றும், இந்துக்கள் சிவனொளிபாத மலை என்றும், பௌத்தர்கள் ஸ்ரீ பாத என்றும் போற்றும் மலையில் ஏறினார். பாறையில் பொருத்தியிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டு ஏறியதை எழுதிவைத்தார்.

அவருடைய பயண நூலில் எனக்கு மிகவும் பிடித்தது சிறிய செய்தி ஒன்று. இந்த மலைக்காட்டில் இருக்கும் அட்டைகளைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அட்டை கடித்தால் பிழிந்துவிடுவதற்காக இந்த ஊர்வாசிகள் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருப்பார்கள் என்கிறார். அரசர்களையும் அரண்மனைகளையும் கண்ட ஒரு மனிதர், ஏழை வழிப்போக்கனின் காலில் ஏறும் அட்டையையும் கவனித்திருக்கிறார். அதனால்தான் அவருடைய நூல் இன்றும் உயிரோடு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்தச் செய்தியை நான் டிக்கோயாவில் சொன்னபோது தோழியின் அம்மா சிரித்தார். “நாங்க சவர்க்காரத்தக் கால்ல தேச்சுக்கிட்டுப் போறோம். எலுமிச்சம்பழத்துக்கு எங்க போறது?” என்றார். 1344இல் இருந்த அட்டை இன்னும் அதே மலையில் இருக்கிறது. மருந்துதான் மாறியிருக்கிறது.

பலகையில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர்

கொழும்புக் கோட்டையிலிருந்து அதிகாலையில் புறப்பட்ட புகையிரதம் பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி என்று ஏறத் தொடங்கியது. தோட்டத்து மக்கள் புகையிரதத்தைக் “கோச்சி” என்கிறார்கள். அந்தக் கோச்சி முதலில் ஏற்றி இறக்கக் கட்டப்பட்டது பயணிகளை அன்று, பயிரை. மலையில் விளைந்த கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகவே இப்பாதை திட்டமிடப்பட்டது. 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1884இல் ஹற்றனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் பாதை வந்து சேர்ந்தது. ஆனால் பாதை ஹற்றனை எட்டுவதற்குள் கோப்பிக்கு ஆயுள் முடிந்துவிட்டது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்துவிட்டது. ஆக, கோப்பிக்காகப் போட்ட தண்டவாளத்தில் தேயிலை இறங்கிவந்தது. அந்தத் தேயிலையை ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் வணிக நோக்கோடு பயிரிட்டிருந்தார்.

ஹற்றனைத் தாண்டியதும் ஒரு நீண்ட சுரங்கம். இதுவே இந்தப் பாதையின் மிக நீளமான சுரங்கமாகும். இருட்டில் சாச்சாவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இதுக்குப் பேர் என்ன?” என்று கேட்டாள். வாப்பாவின் கைநூலில் பூல்பேங்க் என்று இருந்தது. தோழி உடனே, “சிங்கமலைச் சுரங்கம்” என்றாள். ஒரே சுரங்கத்துக்கு இரண்டு பெயர். ஒன்று தோட்டத்தின் பெயர், மற்றையது மக்கள் தலைநிமிர்ந்து பார்க்கும் மலையின் பெயர்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு விளையாட்டுத் தொடங்கினோம். பெயர்ப்பலகை தெரியும்போதெல்லாம் நான் எழுதுவேன். அது எங்கே இருக்கும் ஊர் என்று சாச்சாவின் மகள் சொல்வாள். ஹற்றன் என்பதே ஸ்கொட்லாந்தின் அபெர்டீன்ஷயர் பகுதியிலுள்ள கிராமம் ஒன்றின் பெயர் என்பார்கள். எடின்பரோ, ஹோலிரூட், டன்கெல்ட், டெவன், சோமர்செட் என்று கொப்பியின் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. “நான் ஸ்கொட்லாந்துக்குப் போய்ப் பார்த்ததைவிட இங்கே கூடுதலாக ஸ்கொட்லாந்து இருக்கிறது!” என்று அவள் சிரித்தாள்.

வீட்டை விட்டுத் தொலைதூரம் வந்தவன் தன் ஊர்ப் பெயரைப் புது மண்ணில் நட்டுவைப்பது மனித இயல்புதான். அந்தத் துரைமாருக்கும் ஊர் ஞாபகம் இருந்திருக்கும். ஆனால் அதே மலைக்குத் திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கானோருக்கும் ஊர் ஞாபகம் இருந்ததே! பலகை எழுதும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. ஆகவே அவர்கள் தங்கள் சொற்களை வேலைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் வைத்தார்கள். அந்தச் சொற்கள் எந்தப் பலகையிலும் இல்லை. கேட்டால்தான் கிடைக்கும்.

குளிருக்குள் ஓர் ஐரோப்பா

நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவுக்குச் சென்றோம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதாலகால, 2,524 மீற்றர், நகரத்துக்கு மேலே முகிலுக்குள் மறைந்திருந்தது.

நகரத்தைச் சுற்றிப் பார்க்கும்போது ஒவ்வொன்றின் ஆண்டையும் குறித்துக்கொண்டேன். 1819இல் ஜோன் டேவி என்ற மருத்துவரின் எழுத்துகள் வழியே இந்த இடம் ஆங்கிலேயருக்கு அறிமுகமானது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கட்டிய மாளிகையே பின்னாளில் கிராண்ட் ஹோட்டல் ஆயிற்று. சாமுவேல் பேக்கர் என்பவர் 1840களின் பிற்பகுதியில் தன் நாட்டு ஆட்களையும் கால்நடைகளையும் கொண்டுவந்து இங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நிறுவ முயன்றார். 1855இல் அவர் திரும்பிப் போய்விட்டார். ஆனால் அந்தக் காலத்தில் வேரூன்றிய ஐரோப்பிய மரக்கறிப் பயிர்ச்செய்கை தங்கிவிட்டது. நாம் கறிக்கு வாங்கும் கரட்டும் லீக்ஸும் பீற்றூட்டும் அந்த வரலாற்றின் மிச்சம். ஹக்கல பூங்கா 1861இல் சிங்கோனா மரத்துக்காகத் தொடங்கப்பட்டது. கிரகரி வாவி 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் அமைந்தது. செங்கல்லால் கட்டிய தபாற்கந்தோரும், 1897இல் மகாராணியின் வைரவிழாவையொட்டிப் பெயர்பெற்ற விக்டோரியா பூங்காவும் இன்னும் அழகாக இருக்கின்றன.

அழகைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பூங்காவில் ரோஜாக்களைப் பார்த்து உம்மா “சுப்ஹானல்லாஹ்” என்றார், நானும் சொன்னேன். ஆனால் பூங்கா வாசலில் விற்ற படங்களைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று மனதில் பட்டது. வாவிக்கும் நீர்வீழ்ச்சிக்கும் தபாற்கந்தோருக்கும் பெயர் அச்சிட்டிருந்தார்கள். கூடையோடு சிரித்து நிற்கும் பெண்ணின் படத்தின் கீழே “தேயிலை பறிப்பவர்” என்று மட்டும் இருந்தது. தோழியும் அந்தப் படத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. படத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு நடந்தாள்.

அன்றிரவு விடுதியில் அவள் என்னிடம் சொன்னாள்: “நாளைக்கு எங்க வீட்டுக்கு வருவீங்க. நீ கட்டாயம் எழுதுவ. எழுது. ஆனா அம்மாவப் பாவம்னு மட்டும் எழுதாத. அவங்க செய்யிற வேலை என்னன்னு எழுது.”

இந்தக் கட்டுரையின் எஞ்சிய பகுதி அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது.

பெரட்டுக்களத்திலிருந்து மடுவம் வரை

தோழியின் தோட்டத்தில் நாள் “பெரட்டு”டன் தொடங்குகிறது. ஆங்கிலத்தின் பரேட் என்ற சொல்தான் தமிழர் வாயில் பெரட்டு ஆயிற்று. காலையில் தொழிலாளர் கூடும் இடம் பெரட்டுக்களம். இன்று யார் எந்த மலைக்குப் போவது என்று அங்கேதான் சொல்லப்படும். இங்கே “மலை” என்றால் தேயிலை நிற்கும் வயற்பகுதி. ஒவ்வொரு மலைக்கும் இலக்கம் உண்டு. தோட்டத்தின் பிரிவுகளை மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்கிறார்கள்.

மலையில் ஆளுக்கு ஒரு “நிரை” கொடுப்பார்கள். நிரை என்பது தேயிலைச் செடிகளின் வரிசை. சங்க இலக்கிய வகுப்பில் அணிவகுப்பைக் குறிக்கப் படித்த இந்தச் சொல், அங்கே தோழியின் அம்மா வாயில் அன்றாடச் சொல்லாகப் புழங்குவதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இடுப்பைச் சுற்றி “படங்கு” கட்டியிருப்பார்கள். பனியில் நனைந்த செடியும் கவ்வாத்து வெட்டிய கிளை நுனிகளும் உடலைக் கிழிக்காமல் காப்பது அதுதான். “கவ்வாத்து” என்பது செடியைக் குறிப்பிட்ட உயரத்துக்கு வெட்டிவிடுதல். விட்டால் மரமாக வளரக்கூடிய தேயிலையை இடுப்பளவில் நிறுத்தி, புதுத்தளிர் விடச் செய்வது அந்த வெட்டுத்தான். கொழுந்து எடுக்கும் மட்டத்தைச் சரிபார்க்கச் செடியின் மேல் ஒரு நீளக் கம்பை வைப்பார்கள். அதற்கு “மட்டக்கம்பு” என்று பெயர்.

எடுக்க வேண்டியது இரண்டு இலையும் ஓர் அரும்பும். முற்றிய இலை சேர்ந்தால் தேயிலையின் தரம் குறையும். தோழியின் அம்மா செய்து காட்டினார். இரண்டு கைகளும் ஒன்றையொன்று பாராமல் தனித்தனியாகப் பறித்தன. கண் மூன்றாவது செடியில் இருந்தது. உள்ளங்கை நிறைந்ததும் தலைக்குப் பின்னால் கூடைக்குள் எறிந்தார்; ஒரு கொழுந்துகூட வெளியே விழவில்லை. சாச்சாவின் மகளும் நானும் பத்து நிமிடம் முயன்று ஒரு தேத்தண்ணிக்குக்கூடக் காணாத அளவு பறித்தோம். நானா அதை ஏந்திப்போய்க் கூடையில் போட, பக்கத்து நிரையில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இது கையும் கண்ணும் ஆண்டுக்கணக்காகப் பழகிப் பெற்ற தொழில்திறன். இதைப் “பயிற்சியற்ற வேலை” என்று யாராவது சொன்னால் அவர்களுக்கும் ஒரு கூடை கொடுத்துப் பார்க்கலாம்.

கொழுந்தை நிறுக்கும் கொட்டகை “கொழுந்து மடுவம்.” தொழிற்சாலைக்கு “ஸ்டோர்” என்று பெயர். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் இடம் “பிள்ளைக் காம்பரா.” காம்பரா என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். வரிசை வீடுகளைக் குறிக்கும் “லயம்” ஆங்கிலத்தின் லைன் என்ற சொல்லிலிருந்து வந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பராவாக, ஒரே கூரையின் கீழ் நெருக்கிக் கட்டப்பட்டவை பழைய லயங்கள். போர்த்துக்கேயம், ஆங்கிலம், சங்கத் தமிழ் மூன்றும் ஒரு காம்பராவுக்குள் குடியிருக்கின்றன.

ஒரு பேர் என்றால் என்ன?

நான் சேகரித்த சொற்களில் தலையாயது “பேர்.”

தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்பது ஒரு பேர். வேலைக்குப் போனால் “பேர் விழும்.” மாதம் இருபது நாள் வேலை செய்தவர் “இருபது பேர் போட்டேன்” என்பார். விதித்த அளவு கொழுந்து எடுக்காவிட்டால் “அரைப்பேர்தான்” என்பார்கள். அதாவது பாதி நாட்சம்பளம். வருகைப் பதிவேட்டில் பெயர் பதியப்படுவதிலிருந்து இந்தப் பொருள் உண்டாகியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியுலகில் பெயர் என்பது நாம் யார் என்பதைச் சொல்கிறது. இங்கே அது நாளையும் உழைப்பையும் கூலியையும் சேர்த்துச் சொல்கிறது. அரைப்பேர் என்ற சொல்லைக் கேட்டபோது சாச்சாவின் மகளுக்கு அதை ஆங்கிலத்தில் விளக்க நான் தடுமாறினேன்.

அதோடு சேர்ந்த இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. ஓய்வு நாளிலோ மேலதிகமாகவோ எடுக்கும் கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் கிடைப்பது “கைக்காசு.” இவ்வளவு வேலைக்கு இவ்வளவு என்று பேசிச் செய்வது “கொந்தரப்பு.”

இப்போது ஒரு சிறு கணக்கு. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய் ஆக்கப்பட்டது. நீண்ட இழுபறிக்குப் பின் 2024இல் அது 1350 ரூபாய் ஆயிற்று. ஒரு பேர் விழ எவ்வளவு கொழுந்து எடுக்க வேண்டும் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். தோழியின் அம்மா அன்று மடுவத்தில் நிறுத்தது 18 கிலோ. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, புளித்து, உலர்ந்தால் ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும். எனவே 18 கிலோ கொழுந்து, 4 கிலோ தூள். ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்று வைத்தால் 2000 கோப்பைத் தேநீர்!

1350 ரூபாயை 2000ஆல் வகுத்தால் ஒரு கோப்பைக்கு 67.5 சதம் வருகிறது. பசளை, தொழிற்சாலை, எரிபொருள், போக்குவரத்து, ஏலம், பொதியிடல் என்று வேறு செலவுகள் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஹற்றன் கடையில் ஒரு வெறுந்தேத்தண்ணிக்கு நாங்கள் 50 ரூபாய் கொடுத்திருந்தோம். இந்தக் கணக்கைக் கொப்பியில் போட்டுக் காட்டியபோது வாப்பா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோழியின் அம்மாவுக்கு ஆச்சரியம் 67.5 சதத்தில் இல்லை. “ரெண்டாயிரம் பேர் குடிக்கிறாங்களா, நான் ஒரு நாள் எடுக்கிறத?” என்று கேட்டார். அவர் முகத்தில் அப்போது தெரிந்தது பெருமைதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பேர் விழாத ஆண்டுகள்

இந்த மக்களின் பெயர் இன்னொரு பதிவேட்டிலும் விழாமல் போனது. அது நாட்டின் குடிகள் பதிவேடு.

ஆள்கட்டும் கங்காணிகளின் வாக்கை நம்பிப் புறப்பட்ட முதல் தலைமுறைகள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தன. பசியிலும் நோயிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்களைக் கங்காணியிடம் பட்ட கடன் கட்டிப்போட்டது. அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் “துண்டு” என்று பெயர்; கடனை அடைத்தாலன்றி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் ஹற்றனை மையமாகக் கொண்டு 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சங்கத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டெழுதிப் பாடியே மக்களைத் திரட்டினார். பின்னாளில் இத்தொழிலாளரின் தலைவர்களாக எழுந்தோரில் அப்துல் அஸீஸ் என்ற முஸ்லிமும் ஒருவர் என்பதை நம் மாணவியர் அறிந்திருப்பது நல்லது.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். வட்டகொடையை அடுத்த மடகும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்து, தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்களில் ஒருவர், தலவாக்கலையின் பிரதிநிதி. மறு ஆண்டே, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. இம்மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று இரு அரசுகளும் பங்கிட்டன. அந்த எஞ்சியவர்கள் 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். நாடற்றோராக இங்கே எஞ்சியிருந்தவர்களுக்கு முழுமையான தீர்வு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது.

தோழியின் தாத்தாவுடைய தம்பி குடும்பம் அந்தப் பங்கீட்டில் தமிழ்நாட்டுக்குப் போனது. இரு வீட்டாரும் பிறகு சந்திக்கவே இல்லை. காம்பராச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பழைய கல்யாணப் படத்தில் அவர்கள் எல்லாரும் சேர்ந்து நிற்கிறார்கள். 2023இல் மலையக மக்கள் வரவின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. முன்னோர் நடந்த வழியையே பேரர்கள் நடந்தார்கள். அதில் ஒரு நாளாவது நடக்க வேண்டும் என்று தோழி ஆசைப்பட்டாளாம், பரீட்சை தடுத்துவிட்டது.

காம்பராவில் ஒரு லுஹர்

அன்று மதியம் தோழியின் வீட்டில் இருந்தோம். நாங்கள் வருவோம் என்று அவர் அம்மா ஹற்றன் பட்டணத்துக்குப் போய், முஸ்லிம் கடையொன்றில் பணிசும் பிஸ்கட்டும் வாங்கிவைத்திருந்தார். “ஹலால் பாத்துத்தான் வாங்கினேன், சாப்பிடுங்க பிள்ளைங்களா” என்றார். கடைக்காரரைப் பற்றி உம்மா விசாரித்தபோது, “எங்க அப்பா காலத்துல இருந்து அந்தக் கடைதான். சம்பளம் பிந்தினா அவரும் பொறுத்துக்குவார்” என்றார். மலைநாட்டுப் பட்டணங்களில் நம்மவர் கடைகளும் லயங்களும் எவ்வளவு காலமாக ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பது அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்தது.

லுஹர் நேரம் வந்தது. வெளியே தூறல். உம்மா தயங்குவதைக் கண்டு, அந்த அம்மா பெட்டியைத் திறந்து தோய்த்து மடித்து வைத்திருந்த ஒரு சேலையை எடுத்துத் தரையில் விரித்தார். அடுப்படிச் சட்டிகளை ஓசையில்லாமல் ஓரமாக நகர்த்தினார். நாங்கள் தொழுது முடிக்கும்வரை பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளின் வானொலியும் மௌனமாக இருந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பிறகு வந்த தேத்தண்ணி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கும் உயர்ரகம் அன்று. தோட்டத்தில் கொடுக்கும் சாதாரணத் தூள். நான்கு நாட்களில் குடித்தவற்றில் அதுவே சூடாகவும் நன்றாகவும் இருந்தது.

தோழியைப் பற்றியும் அப்போது அறிந்தோம். அந்த லயத்திலிருந்து உயர்தரம் படிக்கும் முதல் பெண் அவள். பல்கலைக்கழகம் போய்த் தமிழ் ஆசிரியையாகத் தன் தோட்டத்துப் பாடசாலைக்கே திரும்ப வேண்டும் என்பது அவள் எண்ணம். மேலதிக வகுப்புக் கட்டணம் மாதத்துக்கு எத்தனை பேர் என்று அவளுக்குக் கணக்குத் தெரியும். எங்களில் எவருக்கும் அப்படி ஒரு கணக்குத் தெரிந்திருக்கவில்லை.

கொப்பியின் இரு பக்கங்கள்

அடுத்த நாள் மஸ்கெலியா வழியாகத் திரும்பினோம். பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலை நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. நீர் வற்றும் காலங்களில் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளித்தெரியும். நீரைப் பார்த்துக்கொண்டே சாச்சாவின் மகள் என் கொப்பியை வாங்கிப் புரட்டினாள். இடப்பக்கம் பலகைப் பெயர்கள். வலப்பக்கம் பெரட்டு, நிரை, படங்கு, கவ்வாத்து, மட்டக்கம்பு, மடுவம், கைக்காசு, பேர். வலப்பக்கத்தைத்தான் அவள் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

தோட்டங்கள் மாறிவருகின்றன. இளைஞர்கள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் வேலைக்குப் போகிறார்கள். லயங்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் எழத் தொடங்கியிருக்கின்றன. அவை இன்னும் வேகமாக எழ வேண்டும். லயம் போவதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் அதனோடு சேர்ந்து இந்தச் சொற்களும் எழுதப்படாமல் போனால், இருநூறு ஆண்டு உழைப்பு எப்படி நடந்தது என்பதைச் சொல்லப் பலகையிலுள்ள ஸ்கொட்லாந்துப் பெயர்கள் மட்டுமே மிஞ்சும்.

எனவே சக மாணவியரே, வரும் விடுமுறையில் எங்கே போனாலும், அது நுவரெலியாவாக இருக்கட்டும், புத்தளத்து உப்பளமாக இருக்கட்டும், அல்லாஹ் நாடினால் ஐரோப்பாவாகவே இருக்கட்டும், ஒரு கொப்பியை எடுத்துச் செல்லுங்கள். ஒரு பக்கத்தில் பலகையில் இருப்பதை எழுதுங்கள். மறுபக்கத்துக்கு, அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் அவர் கையிலுள்ள பொருளின் பெயரைக் கேளுங்கள். அதன்பின் அவருடைய பெயரையும் கேளுங்கள். தோழியின் அம்மாவின் பெயர் என் கொப்பியில் இருக்கிறது. அச்சில் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.